பாதிக் கோணமும் முழு நம்பிக்கையும்

(மேல்நிலை வகுப்புக் கணித ஆசிரியை)

சைன் 15 பாகையின் மதிப்பு என்ன? மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவியரிடம் இக்கேள்வியைக் கேட்டால் மூன்று விதமான விடைகள் வருவதுண்டு. ஒருத்தி கைப்பேசியைத் தட்டிப் பார்த்து, 0.2588 என்பாள். இன்னொருத்தி, மனப்பாடம் செய்து வைத்திருக்கும் (√6 − √2)/4 என்பதை மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். மூன்றாமவள் ஒன்றும் பேசாமல் தாளை எடுத்து, 30 பாகையைப் பாதியாக்கி, நான்கைந்து வரிகளில் √(2 − √3)/2 என்ற விடைக்கு வந்து சேருவாள். பிறகு பக்கத்தில் இருப்பவளின் நோட்டை எட்டிப் பார்ப்பாள். தன் விடை வேறு மாதிரி இருக்கிறதே என்று திகைத்து, எழுதியதை ஒரே கோடாக அடித்துவிடுவாள்.

அவள் அடித்தது சரியான விடையை! மூவரிலும் தன் விடை எப்படி வந்தது என்று சொல்லக் கூடியவள் அவள் ஒருத்திதான். தெரிந்தவள் தன்னை நம்பாமல் போவதும், தெரியாதவள் ஒப்பித்துவிட்டு மதிப்பெண் வாங்குவதும் நம் கணித வகுப்புகளில் அன்றாடம் நடக்கின்றன. இந்நிலை மாற வேண்டுமானால், திரிகோணமிதியில் பலரும் ‘முக்கியமில்லாதது’ என்று ஒதுக்கும் அரைக்கோண முற்றொருமைகளை நாம் மனப்பாடமாக அல்ல, மனத்தெளிவோடு கற்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

தசமம் போதாதா?

“கட்டடம் கட்டுகிற பொறியாளருக்கு 0.2588 போதுமே, இந்த வர்க்கமூலங்கள் எல்லாம் எதற்கு?” என்று சில மாணவிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வேலை நடக்கும் இடத்தில் நாலு தசம இலக்கங்கள் பெரும்பாலும் போதும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் 0.2588 என்பது சைன் 15° ஆகாது. அதற்கு அருகில் இருக்கும் வேறொரு எண். இன்னும் சில இலக்கங்கள் சேர்த்தால் 0.258819045 என்று வரும். அதுவும் முடிவல்ல. எத்தனை இலக்கம் எழுதினாலும் அந்தத் தசமம் முடியாது, ஒரே வரிசையாகத் திரும்பவும் வராது. ஆனால் √(2 − √3)/2 என்று எழுதிவிட்டால், முடிவில்லாத அத்தனை இலக்கங்களும் ஒரு சிறு வரிக்குள் அடங்கிவிடுகின்றன.

இன்னொரு வேறுபாடும் உண்டு. தசமத்தை நமக்கு யாரோ சொல்கிறார்கள். முன்பெல்லாம் மடக்கை அட்டவணைப் புத்தகம் சொன்னது. இன்று கைப்பேசி சொல்கிறது. அதை நாம் நம்புகிறோம், அவ்வளவுதான். துல்லிய மதிப்பையோ ஒரு பென்சிலும் ஒரு தாளும் இருந்தால் நாமே கண்டறியலாம். கேட்டு அறிந்ததற்கும் கண்டு அறிந்ததற்கும் உள்ள வேறுபாடு இது.

ஒரு முக்கோணம் போதும்

முற்றொருமை என்றாலே பயப்படும் மாணவிகளும், பள்ளிக் கணக்கை மறந்துவிட்ட பெற்றோர்களும்கூடப் பின்வருவதை வரைந்து பார்க்கலாம்.

ஒரு செங்கோண முக்கோணம் வரையுங்கள். உயரம் 1, அடிப்பக்கம் √3, கர்ணம் 2. இது சமபக்க முக்கோணத்தை நடுவில் வெட்டினால் கிடைக்கும் முக்கோணமே. அடிப்பக்கத்தின் நுனியில் உள்ள கோணம் 30 பாகை. இப்போது அந்த நுனியிலிருந்து அடிப்பக்கத்தை வெளிப்புறமாக 2 அலகு நீட்டுங்கள். நீட்டிய கோட்டின் முனையை முக்கோணத்தின் உச்சியோடு சேருங்கள். புதிதாக ஒரு முக்கோணம் ஒட்டிக்கொள்ளும். அதில் இரண்டு பக்கங்கள் சமம்: நீட்டிய கோடும் 2, பழைய கர்ணமும் 2. ஆகவே அது இருசமபக்க முக்கோணம். அதன் இரண்டு கோணங்கள் சமம். அவ்விரண்டின் கூடுதல் வெளிக்கோணமாகிய 30 பாகை. எனவே ஒவ்வொன்றும் 15 பாகை!

பெரிய முக்கோணத்தைப் பாருங்கள். உயரம் 1, அடிப்பக்கம் 2 + √3. ஆகவே டேன் 15° = 1/(2 + √3). தொகுதியையும் பகுதியையும் 2 − √3 ஆல் பெருக்கினால், விடை 2 − √3. எந்த வாய்பாடும் இல்லாமல் வந்துவிட்டது.

பெரிய முக்கோணத்தின் கர்ணம் என்ன? பிதாகரஸ் தேற்றப்படி அதன் வர்க்கம் 8 + 4√3. இது √6 + √2 என்பதன் வர்க்கம், பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே சைன் 15° = 1/(√6 + √2). அதாவது (√6 − √2)/4. முதலில் சொன்ன மாணவி மனப்பாடம் செய்திருந்த விடை, படத்திலிருந்தே எழுந்து வருகிறது!

இதே வேலையை 45 பாகை முக்கோணத்தில் செய்யுங்கள். பக்கங்கள் 1, 1, கர்ணம் √2. அடிப்பக்கத்தை √2 நீட்டினால் டேன் 22½° = 1/(1 + √2) = √2 − 1. மூன்று நிமிட வேலை. 15 பாகையின் முக்கோணத்தையே மறுபடியும் நீட்டினால் 7½ பாகையும் கைக்கு வரும். பாதிக்குப் பாதி, அதற்கும் பாதி என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

இரண்டு முகம், ஒரே எண்

இப்போது முற்றொருமைக்கு வருவோம். சைன்²(அ/2) = (1 − கொசைன் அ)/2. இதில் ‘அ’ என்பதற்கு 30 பாகையை இட்டால், சைன்² 15° = (2 − √3)/4. வர்க்கமூலம் எடுத்தால் √(2 − √3)/2.

படம் (√6 − √2)/4 என்றது. முற்றொருமை √(2 − √3)/2 என்கிறது. எது சரி? இரண்டும் சரி. (√6 − √2)/4 என்பதை வர்க்கப்படுத்துங்கள். மேலே 8 − 2√12, அதாவது 8 − 4√3, கீழே 16. சுருக்கினால் (2 − √3)/4. இரண்டு எண்களும் மிகை எண்கள். அவற்றின் வர்க்கங்கள் ஒன்றே. ஆகவே இரண்டும் ஒரே எண். உடை வேறு, ஆள் ஒன்று.

மாணவிகளே, இந்த இரண்டு வரிச் சோதனையைத் தெரிந்து வைத்திருக்கும் பெண், விடைக் குறிப்பு வேறு மாதிரி இருக்கிறது என்பதற்காகத் தன் விடையை அடிக்க மாட்டாள். “பக்கத்து மாணவி சொன்னது சரியாகத்தான் இருக்கும்” என்று பதறவும் மாட்டாள். வர்க்கப்படுத்திப் பார்ப்பாள். ஒத்துவந்தால் தன் விடையில் நிற்பாள். ஒத்துவராவிட்டால் எந்த வரியில் தவறினோம் என்று தேடுவாள். இரண்டிலும் அவளுக்கு நன்மையே.

விடைத்தாள் திருத்துகின்ற எங்களுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. விடைக் குறிப்பின் எழுத்துக்கு எழுத்து ஒத்துவந்தால்தான் சரி என்று சிவப்பு மையைத் தூக்கினால், சிந்தித்த குழந்தையைத் தண்டித்து, ஒப்பித்த குழந்தைக்குப் பரிசளிக்கிறோம். வழி சரியா என்று பார்த்து, வடிவம் எதுவானாலும் முழு மதிப்பெண் தருவதே நியாயம்.

முன்னோர் சென்ற பாதை

கோணத்தைப் பாதியாக்குவது ஏதோ தேர்வுக்காக ஏற்பட்ட வித்தை அன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சிராக்கூஸ் நகரில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ், வட்டத்தை அளக்க இதைத்தான் கையாண்டார். அறுகோணத்தில் தொடங்கி, 12, 24, 48, 96 பக்கங்கள் என்று இரட்டித்துக்கொண்டே போனார். பக்கங்கள் இரட்டிக்கும்போது கோணம் பாதியாகும். 30 பாகையை நான்கு முறை பாதியாக்கி, பையின் மதிப்பு 3 10/71 என்பதற்கு மேல், 3 1/7 என்பதற்குக் கீழ் என்று நிறுவினார். நாம் சிறு வகுப்பிலிருந்து எழுதிவரும் 22/7 இந்த மேல் எல்லைதான். அடிப்பக்கத்தோடு கர்ணத்தைக் கூட்டினோமே, அந்தக் கூட்டலைத்தான் அவரும் ஒவ்வொரு படியிலும் செய்தார்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தாலமி, விண்மீன்களின் நிலையைக் கணக்கிட நாண்களின் அட்டவணை ஒன்றைத் தயாரித்தார். 72 பாகையிலிருந்து 60 பாகையைக் கழித்து 12. பாதியாக்கி 6, 3, 1½, ¾ என்று இறங்கி வந்தார்.

நம் நாட்டு ஆரியபட்டர் கி.பி. 499இல் எழுதிய ஆரியபட்டீயத்தில், கால்வட்டத்தை 24 பங்காக்கிய சைன் அட்டவணை உண்டு. ஒவ்வொரு பங்கும் 3¾ பாகை. அது எங்கிருந்து வந்த எண்? 30இல் பாதி 15. அதில் பாதி 7½. அதில் பாதி 3¾. ஆரத்தை 3438 என்று வைத்துக்கொண்டு, 15 பாகைக்கு அவர் தரும் மதிப்பு 890. இன்று நாம் கணக்கிட்டால் 889.8 வருகிறது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கைக்கணக்காகக் கண்ட மதிப்பு இது!

சைன் என்ற சொல்லிலேயே ஒரு பாதி ஒளிந்திருக்கிறது. வடமொழியில் அதை ‘அர்த்த ஜ்யா’, அதாவது பாதி நாண் என்றனர். அது சுருங்கி ‘ஜ்யா’, ‘ஜீவா’ ஆயிற்று. அரபு மொழிக்குப் போய் ‘ஜீபா’ ஆகி, பின்னர் ‘ஜைப்’ என்று படிக்கப்பட்டது. அச்சொல்லுக்கு அரபியில் மடிப்பு என்றும் மார்பு என்றும் பொருள் இருந்ததால், 12ஆம் நூற்றாண்டில் லத்தீனில் ‘சைனஸ்’ என்று மொழிபெயர்த்தார்கள். அதுவே இன்று நம் நோட்டுகளில் சைன் என்று நிற்கிறது.

கடலில் ஒரு சோதனை

வேலைக்குத் தசமம் போதும் என்றோமே, அங்கேயும் பாதிக் கோணம் கைகொடுத்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்ல வேண்டும்.

கடலில் இரண்டு படகுகள் ஒரு கடல் மைல் இடைவெளியில் நிற்கின்றன என்று கொள்வோம். பூமியின் நடுவிலிருந்து பார்த்தால் அந்த இடைவெளி ஒரு நிமிடக் கோணம். அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. கொசைன் வாய்பாட்டைக் கொண்டு தூரத்தைக் காண முயன்றால் என்ன ஆகும்? ஒரு நிமிடத்தின் கொசைன் 0.99999996 அளவில் இருக்கிறது. ஐந்து இலக்க அட்டவணையில் அது 1.00000 என்றுதான் அச்சாகியிருக்கும். கொசைன் 1 என்றால் கோணம் பூச்சியம். ஆகவே இரண்டு படகுகளும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டு நிற்கின்றன என்று அட்டவணை சொல்லிவிடும்!

கோணத்தைப் பாதியாக்கிச் சைனுக்கு மாறினால் இந்த ஆபத்து இல்லை. அரை நிமிடத்தின் சைன் ஐந்து இலக்கத்தில் 0.00015. அதிலிருந்து வரும் தூரம் ஏறத்தாழ 1.03 கடல் மைல். சற்றே கூடுதல்தான், ஆனால் பூச்சியம் அல்ல. இதனால்தான் மாலுமிகள் பாதிக் கோணச் சைனின் வர்க்கத்திற்கென்றே தனி அட்டவணை வைத்திருந்தனர். அதற்கு ‘ஹாவர்சைன்’ என்ற பெயரை 1835இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் இன்மன் என்ற ஆங்கிலேயர். இன்றும் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்த இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணினி மூலம் காண்பதற்கு இந்த வாய்பாடு பெரிதும் பயன்படுகிறது. 1 − கொசைன் அ என்பதும் 2 சைன்²(அ/2) என்பதும் தாளில் ஒன்றே. கடலில் ஒன்று வழி தவறவிடும், மற்றொன்று கரை சேர்க்கும்.

குறியும் எல்லையும்

அரைக்கோண முற்றொருமை நமக்கு இரண்டு நல்ல பாடங்களையும் கற்பிக்கிறது.

முதலாவது, குறியைப் பற்றியது. வர்க்கமூலம் எடுக்கும்போது மிகையா குறையா என்ற கேள்வி எழும். கொசைன் 105° வேண்டுமென்று 210 பாகையைப் பாதியாக்கினால், வாய்பாடு ± என்று இரண்டு குறிகளையும் நீட்டிவிட்டு மௌனமாகிவிடும். எதைத் தேர்வது? 105 பாகை இரண்டாம் கால்வட்டத்தில் இருக்கிறது. அங்கே கொசைன் குறை எண். ஆகவே விடை −√(2 − √3)/2. எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தவளுக்குத்தான் எந்தக் குறி என்று தெரியும். மதிப்பெண் இழப்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் இழக்கிறார்கள். கணக்குத் தெரியாததால் அல்ல, ஒரு கணம் நின்று பார்க்காததால்.

இரண்டாவது, எல்லையைப் பற்றியது. ஐங்கோணத்திலிருந்து சைன் 18° = (√5 − 1)/4 என்று காணலாம். 18இலிருந்து 15ஐக் கழித்தால் 3. ஆகவே 3 பாகையின் மடங்குகள் எல்லாவற்றுக்கும் வர்க்கமூலங்களால் துல்லிய மதிப்பு எழுதலாம். ஆனால் 20 பாகைக்கு முடியாது. 1 பாகைக்கும் முடியாது. சேலையை மடிக்கும்போது இரண்டாக, நான்காக, எட்டாக மடிப்பது எளிது. சரிசமமாக மூன்றாக மடிப்பதுதான் கடினம் அல்லவா? கோணமும் அப்படியே. அளவுகோலும் கவராயமும் கொண்டு எந்தக் கோணத்தையும் பாதியாக்கலாம். 60 பாகையை மூன்றாக்க இயலாது என்று 1837இல் வான்ட்செல் என்ற பிரெஞ்சுக்காரர் நிரூபித்தார்.

தாலமியும் இந்தச் சுவரில்தான் முட்டினார். 1½ பாகையும் ¾ பாகையும் கையில் இருந்தன. நடுவில் உள்ள 1 பாகை துல்லியமாகக் கிட்டவில்லை. அவர் அதற்காகப் பொய்யான துல்லியம் எதையும் எழுதவில்லை. இரண்டு எல்லைகளுக்கு நடுவே நெருக்கிப் பிடித்து, தோராய மதிப்பைக் கொடுத்தார். 15ஆம் நூற்றாண்டில் சமர்கண்டில் இருந்த அல்-காஷி, முப்படிச் சமன்பாடு ஒன்றின் துணையால் அதை மேலும் நுணுக்கமாகக் கணக்கிட்டார். துல்லியம் கிடைக்குமிடத்தில் துல்லியம். கிடைக்காத இடத்தில், இது தோராயம் என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை. இரண்டும் சேர்ந்ததே கணிதப் பண்பு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

“பெண் பிள்ளைக்குக் கணக்கு வராது, வேறு பிரிவு எடுத்துக்கொள்ளட்டும்” என்ற பேச்சு சில வீடுகளில் இன்னும் ஓயவில்லை. அவர்களுக்கு ஓர் அம்மையாரை அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

மரியா கயத்தானா அன்னேசி 1718இல் இத்தாலியிலுள்ள மிலான் நகரில், ஒரு பெரிய கத்தோலிக்கக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். துறவற மடத்தில் சேர விரும்பினார், தந்தை இசையவில்லை. வீட்டிலிருந்தபடியே தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். இயற்கணிதம் முதல் நுண்கணிதம் வரை விளக்கும் பெருநூலை 1748இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். கற்றோரின் மொழியாகிய லத்தீனில் அல்ல, இளைஞர்கள் படித்துப் புரிந்துகொள்ளும் இத்தாலிய மொழியிலே எழுதினார். 1750இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் அவரைப் பொலோனியா பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் பொறுப்புக்கு நியமித்தார். அன்னேசி அங்கே சென்று கற்பிக்கவில்லை. தந்தை இறந்தபின் ஏழைகளுக்கும் நோயுற்றோருக்கும் தொண்டாற்றுவதிலே வாழ்நாளைச் செலவிட்டு, 1799இல் காலமானார். கூரிய அறிவும் கனிந்த இதயமும் ஒரே பெண்ணிடம் குடியிருக்க முடியும் என்பதற்கு அவரைவிடச் சான்று வேண்டுமா? ஞானமும் சேவையும் வெவ்வேறு பாதைகள் அல்ல என்பதை நம் அருட்சகோதரிகள் அன்றாடம் நமக்குக் காட்டிவருகிறார்கள்.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் மகள் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கும்போது “எத்தனை மார்க்?” என்ற கேள்விக்கு முன்னால், “இது எப்படி வந்தது, சொல் பார்ப்போம்?” என்று கேளுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவள் சொல்லச் சொல்ல அவளுக்கே தெளிவு பிறக்கும்.

செய்ய வேண்டியவை

மாணவிகளே, 15, 75, 22½ பாகைகளின் அட்டவணையை மனப்பாடம் செய்து மூளையில் சுமக்காதீர்கள். 30, 45, 60 ஆகியவற்றை மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பாதியாக்கிக் காணுங்கள். மறந்துபோகும் என்ற பயம் அப்போது இராது. மறந்தாலும் மறுபடி கண்டுபிடிக்கலாம். குறியிட்டுமுன் கால்வட்டத்தைப் பாருங்கள். உங்கள் விடை மற்றவர் விடையோடு ஒத்துவராவிட்டால், அடிப்பதற்கு முன் வர்க்கப்படுத்துங்கள்.

பள்ளியை விட்டுப் போனபின் சைனும் கொசைனும் உங்களில் பலருக்கு வேண்டியிராமல் போகலாம். ஆனால் நாலு பேர் ஒன்றைச் சொல்லும்போது, “நான் சோதித்துப் பார்த்துச் சொல்கிறேன்” என்று அமைதியாகச் சொல்லும் துணிவு, திருமணப் பேச்சிலும், வீட்டுக் கணக்கிலும், அலுவலகத்திலும், வாக்குச் சாவடியிலும் உங்களுக்கு வேண்டியிருக்கும். அந்தத் துணிவைப் பழகிக்கொள்ள 15 பாகைக் கோணம் ஒரு சிறிய, செலவில்லாத களம். எல்லாம் வல்ல இறைவன் தாம் தந்த அறிவை நீங்கள் அஞ்சாமல் பயன்படுத்த அருள்புரிவாராக!